பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கண்ணாடி ஓரத் துரு: இலங்கை மலையகத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நின்ற வண்டி என்றால், நிமிர்ந்து கண்ணாடி ஓரங்களையும் அதே அளவு நேரம் பாருங்கள். பனி பெய்யும் நாடுகளில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கே வண்டி அடியிலிருந்து அரிபடும். கொழும்பிலும் காலியிலும் கடற்காற்று அந்த வேலையைச் செய்யும். மலையில் இரண்டும் இல்லை. இங்கே மழையும் மூடுபனியும் உண்டு. நனைந்தது சீக்கிரம் காயாத குளிரும் உண்டு. தண்ணீர் தங்கிக் கிடக்கும் இடத்தில்தான் துரு தொடங்கும். பழைய காரில் அது தங்குவதற்கு ஏற்ற இடம், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் அடிப்பக்கம்.

இந்த வேலையில் முதன்முறை இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். எம்.ஜி.பி., ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர், ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் போன்ற பிரித்தானிய வண்டிகளுக்கும், எழுபது எண்பதுகளில் வந்த டொயோட்டா செலிக்கா, டட்சன் இசட் போன்ற ஜப்பானிய கூபேக்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். வண்டிக்கு வண்டி ஆணி, கிளிப், வடிகால் இருக்கும் இடம் மாறும். அதற்கு உங்கள் வண்டியின் வேர்க்‌ஷொப் மனுவலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அங்கேயே பிடிக்கிறது

பீடிங் ரப்பரில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஒன்றில் கண்ணாடி உட்காரும், மற்றது பொடியின் (வண்டியின் உடற்கூட்டின்) தகட்டு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். அந்த விளிம்பு ஒற்றைத் தகடு கிடையாது. இரண்டு மூன்று தகடுகளைச் சேர்த்து ஸ்பொட் வெல்ட் அடித்திருப்பார்கள். தகடுகளின் நடுவே பெயிண்ட் போவதில்லை. விளிம்பின் கூர்முனையில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகவே நிற்கும்.

ரப்பர் வருடக்கணக்கில் வெயில் பட்டு இறுகிச் சுருங்கும். உயரமான இடங்களில் புற ஊதாக் கதிர் கூடுதல் என்பதால் இங்கே அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சுருங்கும்போது முதலில் விலகுவது மூலைகள். அந்த மயிரிழை இடைவெளியால் தண்ணீர் தானாகவே உள்ளே இழுபடும். ஆனால் அதே வழியாக வெளியே வராது. நுவரெலியா மூடுபனியில் வெளிப்புறம் காய்ந்துபோன பிறகும் ரப்பருக்குள்ளே ஈரம் நாட்கணக்கில் இருக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். அது ரப்பரை வெளியே தள்ளும், ஒட்டியிருக்கும் தகடுகளைப் பிரிக்கும், இடைவெளியைப் பெருக்கும். இன்னும் தண்ணீர் போகும். இந்தச் சுற்று தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

இரண்டாவது காரணம் அலங்காரப் பட்டிகளின் கிளிப்புகள். எழுபதுகளின் வண்டிகள் பலவற்றில் பளபளப்பான உலோகப் பட்டியைப் பிடிக்க, விளிம்புப் பள்ளத்தில் சிறு ஆணிகளை வெல்ட் செய்து அதில் கிளிப் மாட்டியிருப்பார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கிளிப் பெயிண்டைச் சுரண்டும். தேயிலைத் தோட்டத்து உட்பாதையில் ஓடிய வண்டியின் பின்கண்ணாடியடியைத் திறந்தால், ஒவ்வொரு கிளிப்பின் கீழும் ஒரு துருப்புள்ளியைப் பார்க்கலாம்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது: முன்கண்ணாடிக்குக் கீழே, பொனட்டுக்குப் பின்னால் உள்ள காற்றுப்பெட்டி. ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் அந்தக் குழிக்குள் மழைத்தண்ணீரும் போகும். அது வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பார்கள். எம்.ஜி.பி.யில் அந்தக் குழாயின் நுனி ரப்பர் வாய், சேறும் இலையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் உள்ளேயே தேங்கி, முன்கண்ணாடியடித் தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

முதலில் தண்ணீரின் வழியைக் கண்டுபிடியுங்கள்

துருவைச் சுரண்டுவதற்கு முன் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும். இது தெரியாமல் செய்யும் பழுதுபார்ப்பு எத்தனை அழகாக இருந்தாலும் இரண்டு மழைக்காலம் தாண்டாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

கார்ப்பெட்டைத் தூக்கி அடிப்பஞ்சைக் கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்தால் முன்கண்ணாடியையோ காற்றுப்பெட்டியையோ சந்தேகிக்கலாம். காலையில் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல் நீர் கோர்த்து நிற்கிறதா, வண்டிக்குள் பூஞ்சண வாடை வருகிறதா என்று பாருங்கள். பீடிங்கின் கீழ்மூலையிலிருந்து பழுப்புக் கோடு வழிந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். மற்றவர் ஹோஸ் பைப்பை மெதுவாகத் திறந்து, முதலில் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் சில நிமிடம் விடட்டும். பிறகு பக்கங்கள், கடைசியில் மேல் ஓரம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனையும், எங்கே ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. காற்றுப்பெட்டிக்குள் ஒரு ஜொக்குத் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். உடனே கொட்டவேண்டும். சொட்டுச்சொட்டாக வந்தால் வடிகால் அடைத்திருக்கிறது.

பிறகு ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓரங்களில் நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் முன்பு யாரோ கெட்டலோய் (பள்ளம் நிரப்பும் புட்டி) அப்பியிருக்கிறார்கள். நம் நாட்டில் கை மாறி வந்த பழைய வண்டிகளில் இது சாதாரணம். பெயிண்ட் பார்க்க நன்றாக இருக்கும். அடியில் தகடே இருக்காது. மொட்டையான ஸ்குரூட்ரைவரால் ஓரத்தை அழுத்திப் பார்த்தால் நல்ல தகடு எதிர்க்கும், அரிந்த தகடு நொறுநொறுவென்று சத்தம் போடும்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள்

மலையகம் முழுவதற்கும் ஒரே வேலைக்காலம் கிடையாது. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். ஊவாப் பக்கம் இதற்கு எதிர். பண்டாரவளை, வெலிமடை, பதுளையில் ஐப்பசி, கார்த்திகை தொடங்கி தை வரை மழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வறண்டு வீசும். அந்தக் காற்றில் தூசி பறக்கும் என்பதால் பெயிண்ட் அடிக்க மூடிய இடம் வேண்டும். ஆனால் தகட்டைத் திறந்துவைத்து வேலை செய்ய அதைவிட நல்ல காலம் இல்லை.

நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தோட்டை கார் மலையேற்றப் போட்டியும் ஏப்ரல் சீசனும் நெருங்கும்போது, வண்டியை எப்படியாவது ஓடவைக்க வேண்டும் என்று மார்ச் கடைசியில் பலர் அவசரப்படுவார்கள். கண்ணாடி ஓர வேலையை அந்த அவசரத்துக்குள் நுழைக்காதீர்கள். தையில் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம்.

நேரமும் முக்கியம். காற்று 15 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 13 பாகையை ஒட்டிய குளிர்ச்சியுள்ள எந்தத் தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். இரவு முழுவதும் வெளியே நின்ற வண்டியின் தகடு காலையில் அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதன்மேல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் தண்ணீரின்மேல் அடித்த மாதிரிதான். பூச்சு வேலையில் பொதுவாகச் சொல்லும் விதி, தகட்டின் வெப்பம் இப்படி நீர் படியத் தொடங்கும் பனிபடும் வெப்பநிலையைவிட 3 பாகையாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்பது. எபோக்சி பிரைமர்கள் பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழே சரியாக இறுகாது. அதனால் பூச்சு வேலையைக் காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கி, மூன்று மணிக்குள் முடியுங்கள். இரவில் ஒரு ஹலோஜன் விளக்கைத் தூரத்தில் வைத்து தகட்டை இளஞ்சூடாக வைத்திருப்பது உதவும். பெயிண்ட், தின்னர் ஆவி இருக்கும் அறையில் மட்டும் அதைச் செய்யக்கூடாது.

கையில் இருக்கவேண்டியவை

எதையும் கழற்றுவதற்கு முன் புதிய பீடிங்கை வாங்கிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிரித்தானிய வண்டிகளுக்கு இங்கிலாந்திலிருந்து இன்னும் வரவழைக்கலாம். ஜப்பானிய வண்டிகளுக்கு முதலில் கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். பழைய ரப்பரில் இரண்டு அங்குலம் வெட்டி எடுத்துக்கொண்டு போனால், அதன் வெட்டுமுகத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரப்பருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தால், அதற்குள் திறந்த விளிம்பு மூடுபனியில் இன்னும் மோசமாகிவிடும்.

மற்றவை எல்லாம் ஹார்ட்வெயார் கடையிலும் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும்: சிறு கிரைண்டர், பெயிண்ட் உரிக்கும் டிஸ்க், 80, 180, 320 இலக்க சேண்ட் பேப்பர், பொஸ்பரிக் அமிலம் கொண்ட துரு மாற்றி, இரண்டு கலவை எபோக்சி பிரைமர், சீம் சீலர் (தகட்டு இணைப்புகளை அடைக்கும் பசை), இறுகாத வகைக் கண்ணாடிச் சீலன்ட், 4 அல்லது 5 மில்லிமீற்றர் நைலோன் கயிறு, உள்ளறைகளுக்கு அடிக்கும் மெழுகு. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல மாஸ்க். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். முடிந்தவரை நனைத்துத் தேயுங்கள், வீட்டுப் பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

கண்ணாடியைக் கழற்றுதல்

கண்ணாடியைக் கழற்றாமலே ஓரத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று சொல்லும் கராஜ்கள் உண்டு. வேண்டாம். துருவின் பெரும்பங்கு ரப்பருக்கு உள்ளே இருக்கிறது. வேலையை வெளியே கொடுப்பதாக இருந்தாலும், கராஜில் வேலை செய்யும் பாஸிடம் (மேஸ்திரியிடம்), “பாஸ், கண்ணாடியைக் கழற்றித்தான் செய்யவேண்டும். பெயிண்டுக்கு முன்னால் நான் ஒருதரம் வந்து பார்க்கிறேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நீங்களே செய்வதென்றால் இருவர் தேவை. முதலில் பெட்டரி வயரைக் கழற்றுங்கள். வைப்பர் கைகள், பின்னால் வருவதைப் பார்க்கும் உட்கண்ணாடி, அலங்காரப் பட்டி ஆகியவற்றை எடுங்கள். பட்டியை நெம்பும்போது தகட்டுக்கும் கருவிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். புதிய பீடிங் கையில் இருப்பதால் பழையதைக் காப்பாற்றத் தேவையில்லை. வெளிப்பக்க உதட்டைக் கூரான கத்தியால் சுற்றிவர வெட்டி எடுத்தால் கண்ணாடி தானாக விடுபடும். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டிய லேமினேட் கண்ணாடியாக இருந்தால், ஒரு மூலையில் மட்டும் நெம்பினால் விரிசல் விழும். உள்ளே இருப்பவர் இரண்டு உள்ளங்கைகளால் மேல் ஓரத்திலிருந்து மெதுவாகத் தள்ள, வெளியே இருப்பவர் தாங்கி வாங்கவேண்டும். சூடேற்றும் கோடுகள் உள்ள பின்கண்ணாடியென்றால் வயர்களை முதலில் கழற்றுங்கள். அந்தக் கோடுகளில் கத்தி படக்கூடாது.

எம்.ஜி.பி. ரோட்ஸ்டரின் (நிலையான கூரை இல்லாத வகையின்) கதை வேறு. அதில் முன்கண்ணாடி ஒரு அலுமினியச் சட்டத்தில் இருக்கும். சட்டத்தின் கால்கள் பொடிக்குள் இறங்கி போல்ட்டில் நிற்கும். சட்டத்தை அப்படியே தூக்கி எடுக்கலாம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு தொடும் இடத்தில் இரும்பு போல்ட் இறுகிப்போயிருக்கும். இறுகிய போல்ட்டுக்குள் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். திரும்பப் பூட்டும்போது நடுவே மெழுகோ தடுப்புப் பசையோ பூசுங்கள்.

எண்பதுகளின் பிற்பகுதி வண்டிகள் சிலவற்றில் கண்ணாடியை யூரித்தேன் பசையால் ஒட்டியிருப்பார்கள். அங்கே கண்ணாடியும் பொடியின் பலத்தில் பங்கெடுக்கும். கழற்றுவதையும் ஒட்டுவதையும் கண்ணாடி வேலைக்காரரிடம் விடுங்கள். துரு வேலையை மட்டும் நடுவில் நீங்கள் செய்யலாம். பழைய பசை உறுதியாக இருக்கும் இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அப்படியே விடுவார்கள், அதை உரிக்கவேண்டாம். குளிரில் அந்தப் பசை இறுக நேரம் எடுக்கும் என்பதால் நுவரெலியாவில் வண்டியை எடுக்க அவசரப்படுத்தாதீர்கள்.

கழற்றிய கண்ணாடியை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளிப்புள்ளியாகப் பதிந்துவிடும், தேய்த்து எடுக்க முடியாது.

துருவின் நிலையைப் பார்த்து வைத்தியம்

பெயிண்டைத் துருவுக்கு அப்பால் இரண்டு மூன்று சென்டிமீற்றர் வரை உரியுங்கள். பளிச்சென்ற வெள்ளை இரும்பு தெரியும்வரை நிற்காதீர்கள். இப்போது மூன்று விதமாக இருக்கலாம்.

மேலோட்டமான துரு என்றால் 80 இலக்கத் தாளால் தேய்த்ததும் போய்விடும். இது எளிது.

குழி விழுந்திருந்தால் கவனம் தேவை. கிரைண்டரில் மாட்டும் வயர் பிரஷ் குழிகளுக்குள் இருக்கும் துருவை எடுக்காமல் அதை மினுக்கிவிடும். பார்க்கச் சுத்தம், உள்ளே கருமை. முனை கூரான சுரண்டியால் குழிகளைக் கிளறி, பிறகு பொஸ்பரிக் அமில மாற்றியைத் தூரிகையால் பூசுங்கள். அது மிச்சமிருக்கும் துருவை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். போத்தலில் சொன்ன நேரம் கழித்து மிச்ச அமிலத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். அமிலம் தங்கிய தகட்டில் எபோக்சி நிற்காது. கழுவச் சொல்லியிருந்தால் கழுவி, ஹேர் ட்ரையரால் உடனே காயவையுங்கள். தடித்த துருப்படலத்தின்மேல் மாற்றியை ஊற்றினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் பழையது அப்படியே இருக்கும்.

ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி எடுத்து வெல்ட் செய்வதுதான் வழி. கெட்டலோய் அப்புவதும் ஃபைபர் துணி ஒட்டுவதும் வழியாகாது. அவை பின்பக்கம் ஈரத்தைப் பிடித்துவைக்கும் குழியை உண்டாக்கும். பொலியெஸ்டர் புட்டியே ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நம் மூடுபனியில் அது ஒரு வருடத்துக்குள் ஓரம் தூக்கிவிடும்.

எந்த நிலையாக இருந்தாலும், திறந்த இரும்பை ஒரு இரவுகூட அப்படியே விடாதீர்கள். நுவரெலியாவில் மாலை நான்கு மணிக்கு இறங்கும் மூடுபனி போதும், காலையில் தகடு முழுக்க மஞ்சள் படர்ந்திருக்கும். அன்றைக்குப் பெயிண்டை உரித்த இடத்தை அன்றைக்கே பிரைமரால் மூடவேண்டும். ஒரு நாளில் முடிக்க முடிந்த அளவு மட்டும் திறவுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம், வியர்வையின் உப்பு விரல் அடையாளமாகவே துருப்பிடிக்கும்.

தகடு மாற்றும்போது

வெல்டிங் புதிதாகக் கற்பவர்கள் இந்தப் பகுதியை அனுபவமுள்ள டிங்கரிங் (தகட்டு வேலை) பாஸிடம் கொடுப்பது நல்லது. ஆனால் எப்படிச் செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தால் அருகில் நின்று கேள்வி கேட்கலாம்.

அரிந்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டவேண்டும். மெல்லிய ஓரத்தில் வெல்ட் பிடிக்காது, உருகி ஓடும். காகித அட்டையில் அச்சு வெட்டி, 0.8 அல்லது 0.9 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் அதே வடிவத்தை எடுங்கள். கூரைத் தகடு மாதிரித் துத்தநாகம் பூசிய தகட்டைப் பயன்படுத்தாதீர்கள். வெல்ட் செய்யும்போது வரும் வெள்ளைப் புகை காய்ச்சலை உண்டாக்கும். புதுத்துண்டு பழைய தகட்டின்மேல் ஏறி உட்காராமல் ஓரத்தோடு ஓரம் சேரவேண்டும். ஏறி உட்கார்ந்தால் அந்த மடிப்புக்குள் மீண்டும் தண்ணீர் தங்கும். மிக் வெல்டரில் 0.6 மில்லிமீற்றர் வயர் போட்டு, ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி அங்கே என்று மாற்றி மாற்றி வைக்கவேண்டும். தொடர்ந்து கோடிழுத்தால் சூட்டில் தகடு நெளியும், நெளிந்த விளிம்பில் கண்ணாடி உட்காராது. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் உள்முகங்களுக்கு வெல்டிங் தாங்கும் துத்தநாகப் பிரைமர் அடியுங்கள். பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.

டாஷ்போர்ட் பஞ்சும் வயர்களும் முன்கண்ணாடியடிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை அகற்றுங்கள் அல்லது நனைத்த சாக்கால் மூடுங்கள். தீயணைப்புப் போத்தல் ஒன்று அருகில் இருக்கட்டும். வேலை முடிந்தும் அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். பஞ்சுக்குள் புகைந்துகொண்டிருப்பது மெதுவாகத்தான் பற்றும். கூரையில்லாத ரோட்ஸ்டரில் பில்லர் (முன்கண்ணாடியின் பக்கத் தூண்) அடியை வெட்டுவதாக இருந்தால், கதவு இடைவெளிக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைத் தற்காலிகமாக வெல்ட் செய்து பொடியைப் பிடித்துவைக்கவேண்டும். இல்லாவிட்டால் பிறகு கதவு மூடாது.

வெல்ட் மேடுகளை இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்ததும், புதிய பீடிங்கில் ஒரு முனையை விளிம்பில் மாட்டிச் சுற்றிவர ஓட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுகினாலோ தளர்ந்தாலோ இப்போதே சரிசெய்யுங்கள். விளிம்பில் மிஞ்சிய சிறு மேடு கண்ணாடியை ஒரே புள்ளியில் அழுத்தும். ராம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் பொடி முறுகும்போது கண்ணாடி அங்கேதான் வெடிக்கும்.

பூச்சு

சுத்தமான இரும்பில் முதலில் போகவேண்டியது இரண்டு கலவை எபோக்சி பிரைமர். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாம்பல் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். ரெட் ஒக்சைட் பிரைமர் கேற்றுக்கும் கூரைக்கும் சரி, ரப்பருக்கு அடியில் நாட்கணக்கில் ஈரத்தில் இருக்கும் விளிம்புக்குப் போதாது. எபோக்சியை டின்னில் சொன்ன விகிதத்தில் அளந்து கலக்குங்கள், கண்மதிப்பு வேண்டாம். சிறு இடமென்றால் தூரிகையால் இரண்டு பூச்சுப் போதும். விளிம்பின் கூர்முனைக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு கொடுங்கள். பெயிண்ட் இறுகும்போது கூர்முனையிலிருந்து விலகிப்போகும்.

எபோக்சி இறுகியபின் தகடுகள் சேரும் கோடுகளில் சீம் சீலர். பார்வைக்கு வரும் இடத்தில் சமப்படுத்த வேண்டுமானால் புட்டியை இப்போது, எபோக்சியின்மேல், மெல்லியதாக வைக்கலாம். வெறும் இரும்பில் வைக்கக்கூடாது. புட்டி வைத்த நாளிலேயே தேய்த்து மூடிவிடுங்கள்.

மேல் பெயிண்ட் வண்டியின் நிறத்தில் ரப்பருக்கு உள்ளேயும் போகவேண்டும். வெளியே தெரியாது என்று பிரைமரோடு விட்டுவிடும் பழக்கம் நல்லதல்ல. இரண்டு கலவைப் பெயிண்ட் ஸ்ப்ரே செய்யும்போது வரும் ஐசோசயனேற் என்ற நச்சுப்பொருள் சாதாரண மாஸ்கில் நிற்காது, நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதை ஸ்ப்ரே செய்யவே வேண்டாம், பெயிண்டரிடம் கொடுங்கள்.

அடித்து முடித்த பெயிண்ட் தொடக் காய்ந்ததும் கண்ணாடியைப் பூட்ட ஆசை வரும். குளிர்ப் பகுதியில் ஒரு வாரமாவது விடுங்கள். உள்ளே முழுதாக இறுகாத பெயிண்டில் ரப்பர் ஒட்டிக்கொண்டு அதைப் பிய்த்துவிடும்.

கண்ணாடியைத் திரும்பப் பூட்டுதல்

பீடிங்கை வெயிலிலோ வெந்நீரிலோ வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். காலைக் குளிரில் அது வளைந்து கொடுக்காது. முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, மூலைகள் சரியாக உட்கார்ந்தனவா என்று பாருங்கள். வெளிப்பள்ளத்தில் நைலோன் கயிற்றைச் சுற்றிவர அழுத்தி, இரண்டு முனையும் கீழ்நடுவில் குறுக்கே கடந்து வண்டிக்குள் தொங்குமாறு விடுங்கள். பள்ளத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பாத்திரம் கழுவும் திரவங்கள் பலவற்றில் உப்பு சேர்க்கிறார்கள், அதைத் தவிர்த்து சாதாரணச் சோப்பைக் கரையுங்கள்.

வெளியே ஒருவர் கண்ணாடியை நடுவில் பிடித்து உள்ளங்கையால் அழுத்தட்டும். உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடிக்கு இணையாக, மெதுவாக இழுத்தால், ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே மடியும். கீழ் ஓரம் முடிந்து பக்கங்கள், கடைசியில் மேல் ஓரம். இறுகினால் இழுக்காதீர்கள், வெளியே இருப்பவர் அந்த இடத்தைத் தட்டி உட்காரவைக்கட்டும்.

பிறகு ரப்பரின் வெளி உதட்டைத் தூக்கி, தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே இறுகாத வகைச் சீலன்ட்டைச் சுற்றிவர விடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: வீட்டுக் குளியலறைக்குப் பயன்படுத்தும், வினாகிரி மணம் வீசும் சிலிக்கனை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடும், அந்த அமிலமே தகட்டை அரிக்கும். மலைநாட்டுப் பழைய வண்டிகளில் ஒழுகலை நிறுத்த யாரோ பூசிய சிலிக்கனின் கீழே மிகக் கொடிய துருவைப் பார்த்திருக்கிறேன்.

கிளிப்புகளை மெழுகில் தோய்த்து மாட்டுங்கள். ஒரு நாள் கழித்து அதே ஹோஸ் பைப் சோதனையைக் கீழிருந்து மேலாகத் திரும்பச் செய்யுங்கள். கார்ப்பெட்டை இன்னும் போடவேண்டாம்.

உள்ளறைக்கு மெழுகு

பில்லர்களும் முன்கண்ணாடியடித் தகடும் உள்ளே வெறுமையான பெட்டிகள். வெல்ட் செய்த சூட்டில் அவற்றின் உட்புறப் பூச்சு எரிந்துபோயிருக்கும். பூச்சு வேலை எல்லாம் முடிந்தபின், இருக்கும் துளைகள் வழியாக நீண்ட குழாயை விட்டு உள்ளறை மெழுகை அடியுங்கள். மெழுகுப் போத்தலை முதலில் வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், நெருப்பில் வேண்டாம். குளிர்ந்த மெழுகு மடிப்புகளுக்குள் ஊடுருவாது. அடித்தபின் வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பழைய எஞ்சின் ஒயிலைப் பூசும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ரப்பர் பீடிங் உள்ள இடத்தில் அது ஆகாது. ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெயால் ரப்பரை மினுக்குவதும் அதே கேடுதான்.

இனிப் பிடிக்காமல் இருக்க

வாரம் ஒருமுறை காற்றுப்பெட்டியிலும் பீடிங் பள்ளத்திலும் சேரும் இலைகளைக் கையால் எடுங்கள். யூக்கலிப்டஸ் இலையும் சைப்ரஸ் சருகும் அழுகி, ஈரம் பிடித்த கஞ்சல் மாதிரி வடிகாலை அடைக்கும். மழைக்காலத்துக்கு முன் எல்லா வடிகாலிலும் ஒரு ஜொக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

மேட்டு வீட்டு முற்றங்களில் வண்டி சரிவில்தான் நிற்கும். வடிகால் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கும்படி நிறுத்தினால் தண்ணீர் தானாக ஓடிவிடும். எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் வடிகால் சுத்தமாக இருந்தும் பயனில்லை.

பிளாஸ்டிக் படங்கால் வண்டியை இறுக்கி மூடாதீர்கள். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே நீர் கோர்த்து, மழையில் நின்றதைவிட அதிகம் நனையும். பக்கங்கள் திறந்த கொட்டகை போதும், காற்று ஓடவேண்டும். மூடிய கராஜில் நிறுத்துவதானால் நனைந்த வண்டியைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள், கதவுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள்.

ரப்பருக்கு மாதம் ஒருமுறை கிளிசரின் அல்லது ரப்பருக்கென்றே விற்கும் சிலிக்கன் திரவம் தடவினால் சுருங்குவது தள்ளிப்போகும். கொழும்புக்கோ தென்கரைக்கோ போய்வந்தால், வீடு வந்த அன்றே பீடிங் உதட்டுக்கு அடியிலும் சேர்த்து நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு வரும் முதல் பருவமழையில் மாதம் ஒருமுறை நான்கு மூலைகளிலும் ரப்பரின் உதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். கடுகளவு கொப்புளம் தெரிந்தாலும் அடுத்த வெயில் நாளில் அந்த இடத்தை மட்டும் திறந்து, தேய்த்து, எபோக்சி தொட்டு, பெயிண்ட் வைத்து மூடுங்கள். அரை நாள் வேலை. கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லை.